பட்டியலை யார் எழுதுவது?

அண்ணன் மகளுக்கு வரும் தை மாதம் கல்யாணம். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து, தங்கள் புதுக் குடித்தனத்துக்குத் தேவையான சாமான்களைப் பட்டியல் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார்கள். பரிசு தர நினைப்பவர்கள் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுத்துவிட்டால், ஒரே பொருள் இரண்டு வராது என்று கீழே ஒரு குறிப்பு. அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. "கேட்டு வாங்கும் வழக்கம் நம் குடும்பத்தில் எப்போது வந்தது?" என்று சித்தப்பா கேட்டார். அதற்குப் பதில் எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டதால் இங்கே பதிகிறேன்.

கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? மண்டப வாசலிலேயே மேஜை போட்டு, நோட்டு விரித்து, ஊர், பெயர், தொகை என்று மொய் எழுதுகிற சமூகம் நாம். ஒற்றை ரூபாய் நாணயம் ஒட்டிய உறையைக் கடையில் வாங்கி நீட்டுகிறோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே நடத்துகிறார்கள். வைத்ததைத் திரும்ப வைக்காவிட்டால் நோட்டைக் காட்டிக் கேட்பார்கள். பணத்தில் இவ்வளவு துல்லியமாக இருக்கிற நாம், சாமான் என்று வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். விளைவைப் பார்க்க எந்த வீட்டுப் பரணிலும் ஏறலாம்: பிரிக்காத லெமன் செட், ஹாட் பாக்ஸ், ஒரே மாதிரியான சுவர்க் கடிகாரங்கள், ராதாகிருஷ்ணன் படம். இவற்றில் பாதி, வண்ணக் காகிதம் மாற்றப்பட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போகும். (பழைய வாழ்த்துச் சீட்டை எடுக்க மறந்து கொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.)

இப்படிப் பரிசுப் பட்டியல் போடுவது அமெரிக்க இறக்குமதி என்பது உண்மைதான். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை 1924இல் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். அங்கே அது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம். நாம் கடையை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. நம் ஊரில் பட்டியல் என்றாலே இன்னொன்று நினைவுக்கு வரும். மாப்பிள்ளை வீட்டில் எழுதி, பெண்ணின் அப்பா கையில் கொடுக்கப்படும் பட்டியல். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வண்டி. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதுதானே" என்ற வசனமும் கூடவே வரும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி அப்படிக் கேட்பதே குற்றம்; கொடுப்பதும் குற்றம். புதுப் பட்டியல் அந்தப் பழைய பட்டியலுக்கு நாகரிகப் பெயராக ஆகிவிடக் கூடாது. அதனால் என் நிபந்தனை ஒன்றே ஒன்று: குடித்தனம் நடத்தப் போகும் இருவரும் சேர்ந்து எழுத வேண்டும், அது பெண்ணைப் பெற்றவர்களிடம் போகவே கூடாது. "என்ன வாங்கட்டும்?" என்று தாமாகக் கேட்கிற நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் மட்டும் காட்டினால் போதும். குழுவில் எல்லாருக்கும் அனுப்பியதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழுவில் அண்ணனும் இருக்கிறார்.

சித்தப்பாவுக்கு இன்னொரு செய்தி. பட்டியல் போடச் சொல்வது சட்டமும்தான். 1985இல் வந்த விதிகளின்படி, திருமணத்தில் வந்த பரிசுகளை மணமகளும் மணமகனும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்: என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவு. இருவரும் கையொப்பமிட வேண்டும். எத்தனை வீட்டில் இதைச் செய்கிறார்கள்? பெண்ணுக்கு வந்த சீதனம் அவளுக்கே சொந்தம், புகுந்த வீட்டுக்குள் வந்துவிட்டதால் பொதுச் சொத்தாகிவிடாது என்று அதே 1985இல் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொன்னது. நம் பாட்டிமார் இதை அப்போதே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். பாத்திரக் கடையிலேயே அண்டாவிலும் குடத்திலும் பெயர் வெட்டி வாங்கியது அழகுக்காக மட்டுமல்ல.

சரி, எதை எழுதுவது? இவர்கள் போகப்போவது வாடகை வீட்டுக்கு, இரண்டு பேர்தான், வீடு மாற்றும்போதெல்லாம் தூக்கிச் செல்ல வேண்டும். எனவே பெரிய அண்டா வேண்டாம். மேஜை மேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர் போதும், சாய்த்து மாவு எடுக்கும் வகையாக இருந்தால் இடுப்பு பிழைக்கும். மிக்ஸி 750 வாட்ஸ். குக்கர் பத்து லிட்டரில் ஒன்று வேண்டாம். மூன்று லிட்டரில் ஒன்று, ஐந்து லிட்டரில் ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, இண்டக்ஷன் அடுப்பிலும் வைக்கும்படி அடிப்பாகம் உள்ளதாக. யாருக்கும் தோன்றாத நல்ல பரிசு பி.எல்.டி.சி. மின்விசிறி: பழைய விசிறி 75 வாட்ஸ் இழுக்கிற இடத்தில் இது முப்பது சொச்சம் வாட்ஸில் ஓடிவிடும், மின்கட்டண அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கொடுத்தவரை நினைப்பார்கள்.

தோசைக்கல்லைப் பட்டியலில் போட்டிருந்தாள், எடுக்கச் சொல்லிவிட்டேன். புதுக் கல் வாங்கி வெங்காயம் தேய்த்து, எண்ணெய் காட்டி, பிய்ந்து பிய்ந்து வரும் தோசைகளோடு முதல் மாதம் போராட வேண்டாம். பெரியம்மாவிடம் இரண்டு பழகிய கற்கள் இருக்கின்றன. ஒன்றைக் கேட்டாயிற்று, அவரும் முறைத்துக்கொண்டே சரி என்றார்.

விலையில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். வடிதட்டு, கத்தி, இடுக்கி, கரண்டி என்று இருநூறு ரூபாய்க்குள் முடிகிறவை நிறைய இருந்தால்தான் வசதி குறைந்தவர் சங்கடப்படாமல் பெயர் கொடுப்பார். பெரிய சாமான்களைப் பலர் சேர்ந்து வாங்கலாம். வாஷிங் மெஷினுக்கு என் தங்கையும் நானும் பெயர் கொடுத்திருக்கிறோம். எந்த வகை என்று பெண்ணிடம் கேட்டேன். "அவரைக் கேளுங்கள் அத்தை, துவைப்பது தன் வேலை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்றாள். மாப்பிள்ளை இன்னும் விலை விவரம் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.