அறிமுகத்தை வெட்டிவிட்டு ஆடச் சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை சியாட்டில் விழா மேடையில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரப் பழங்குடியான டிலிங்கிட் மக்களின் ஆட்டக் குழுவைச் சேர்ந்த மூத்த பெண்மணி, தாம் எந்தக் குலம், தம் தந்தை எந்தக் குலம், பாடப்போகும் பாட்டு யாருக்கு உரியது என்று சொல்லத் தொடங்கியபோது, “நேரமாகிறது, நேராக ஆட்டத்துக்குப் போய்விடலாமே” என்று தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐயா, அவர் பேசிக்கொண்டிருந்ததே ஆட்டம்தான். டிலிங்கிட் மக்களிடம் பாட்டும் ஆட்டமும் சின்னமும் குலத்தின் உடைமை. பிற குலத்தின் பாட்டைப் பாட வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும், பெற்றதைச் சபையறியச் சொல்லவும் வேண்டும். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தள்ளி, சியாட்டிலில் பிறந்து வளரும் பிள்ளைக்கு ஊரோடு இருக்கும் உறவு அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

என்னுடன் வேலை பார்த்த டிலிங்கிட் தோழி ஒருவர் தம் மகள்வழிப் பேத்திக்குப் பொத்தான் போர்வை, அதாவது சடங்கிலும் ஆட்டத்திலும் தோளில் போர்த்தும், பொத்தான்கள் பதித்த போர்வை, தைத்தார். கருப்புக் கம்பளியில் பதிக்கச் சிவப்புத் துணியில் குலச்சின்னத்தை வெட்டும் முன், அலாஸ்காவின் டிலிங்கிட் கிராமமான அங்கூனில் இருந்த பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு வளைவையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். குலம் தாய்வழியில் வருவதால் அந்தக் குழந்தை எங்கே பிறந்தாலும் அந்தக் குலத்துப் பெண்தான். ஆனால் சின்னத்தை விருப்பப்படி வரைந்துகொள்ளும் உரிமை பாட்டிக்குக்கூடக் கிடையாது.

மேடைக்கு நேர ஒழுங்கு வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். நன்கொடையாளர் பட்டியலை இரண்டு முறை வாசிக்க மட்டும் எங்கிருந்து நேரம் வந்ததோ!

“ஊரை விட்டு வந்த பிறகு ஆடுவதெல்லாம் வெறும் காட்சிதானே” என்ற பெரிய மனிதர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலேயே ஆடவிட்டார்களா? 1882 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை அங்கூன் கிராமத்தைக் குண்டு வீசி எரித்து, படகுகளையும் குளிர்கால உணவையும் அழித்தது, குழந்தைகள் இறந்தனர். அதற்கு மன்னிப்புக் கேட்க 2024 ஆகிவிட்டது. எல்லைக்கு அப்பால் கனடாவில், ஆட்டமும் பாட்டும் கொடையும் கலந்த பாட்லாட்ச் சடங்கு 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றம். அலாஸ்காவில் அப்படியொரு சட்டம் தேவைப்படவில்லை. பாதிரிமாரும் பள்ளிகளும் அந்த வேலையைச் செய்தனர். அத்தனைக்கும் பிறகு 1982-இல் ஜூனோவில் செலிப்ரேஷன் என்ற விழா தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவ்விழாவுக்கு வெளியூர்க் குழுக்களும் போய், தம் மூத்தோர் கண்முன் ஆடுகின்றன. அந்த மூத்தோருக்கு வராத சந்தேகம் உங்களுக்கு ஏன் வருகிறது?

தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, நுழைவுச்சீட்டு வாங்கியவன் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

விழாக் குழுவின் விளக்க அறிக்கையையும் படித்தேன். “வண்ணமயமான நிகழ்ச்சி” என்ற பாராட்டு இருக்கிறது. அந்தப் பெண்மணியின் பெயரோ குலத்தின் பெயரோ இல்லை. அடுத்த ஆண்டு அவர்களை அழைப்பதானால் முழுதாகப் பேசவிடுங்கள், முடியாதென்றால் அழைக்காதீர்கள்.