"தானாப் பட்டது தங்கச்சி"

போன கிழமை கருவாடு வாங்கப் போனேன். "இது என்ன திருக்கை அண்ணை?" "கொம்புத் திருக்கை. தேடிப் போய்ப் பிடிக்கேல்ல, தானாப் பட்டது தங்கச்சி." செவுளைக் காணேல்ல. அது சீனாவுக்கு மருந்துச் சரக்காகப் போகிற சாமான், விலையும் அதிகம்.

இந்தத் "தானாப் பட்டது" என்ற கதையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பலநாள் படகு சூரைக்கு என்று இரவில் வலையை மிதக்க விட்டால், அந்த வழியால் வருகிற எல்லாம்தான் படும். பட்டதை யாரும் திரும்பக் கடலில் எறிவதுமில்லை. திருகோணமலையில் விலைபோகாத மீன் எது? விற்றுக் காசாக்கினால் அதுவும் பிடித்த மீன்தான். கொம்புத் திருக்கை ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அதுவும் வருடாவருடம் இல்லை. கீரி மீன் மாதிரி அள்ளினால் என்ன மிஞ்சும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2.5 கிலோமீற்றருக்கு மேல் நீளமான மிதவலை 2022 தொடக்கம், நாடுகள் சேர்ந்து சூரைப் பிடிப்புக்கு விதி போடுகிற இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் கடற்பரப்பு முழுதும் தடை. கொம்புத் திருக்கையைச் செவுளில் பிடித்துத் தூக்காதே, கொக்கி போடாதே, உயிரோடு விடு என்று 2019இலேயே தீர்மானம் போட்டார்கள். ஆனால் விடிய வலையை இழுக்கும்போது செத்துக் கிடப்பதை எப்படி உயிரோடு விடுவது?

அதனால் என் பேச்சு வலையைப் பற்றித்தான். பாகிஸ்தானில் மிதப்புக் கயிற்றை நீட்டி, வலையை 2 மீற்றர் கீழே இறக்கிப் பார்த்தார்கள். டொல்பினும் ஆமையும் படுவது பெருமளவு குறைந்தது. புது வலை தேவையில்லை, கொஞ்சம் கயிறுதான். திருக்கைக்கு அது மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் தொடங்க ஒரு இடம் வேணும்தானே. மாலைதீவுக்காரர் தூண்டில் தடியால் சூரையை ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். அது படகும் வலையும் வைத்திருக்கிற எங்கள் சம்மாட்டிமாருக்கு நாளைக்கே கட்டுப்படியாகாது, தெரியும்.

"வெளிநாட்டுக் கப்பல்காரன் அள்ளுறான், எங்களுக்கு மட்டும் புத்தி சொல்ல வந்திட்டியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கடலில் மஞ்சள் சூரை அளவுக்கு மிஞ்சிப் பிடிபடுகிறது என்று 2015இல் ஆணைக்குழு சொன்னதில் அவர்களின் பெரிய சுருக்குவலைகளுக்கும் பங்கு உண்டு. அதற்காக எங்கள் வலை புனிதமாகிவிடாது. என்ர அப்பப்பாவும் கரைவலை இழுத்தவர், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நெத்தலிக் கருவாட்டோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா இன்னும் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. பிள்ளை பெத்த தங்கச்சிக்குத் திருக்கைதான் வேணுமாம்.