பாதிப் படிப்பில் கப்பலேற்றிய பிள்ளைகள்

சீன மாணவர்கள் வெளிநாடு போன கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாவோவுக்குப் பின் சீனாவை வழிநடத்திய டெங் சியாவோபிங்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1978 டிசம்பரில் 52 பேர் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள், அப்புறம் அது லட்சக்கணக்காகப் பெருகியது என்று. அது சரிதான். ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே சீனா இதை ஒரு முறை தொடங்கியிருக்கிறது. தொடங்கிவிட்டுத் தன் கையாலேயே கெடுத்தும் இருக்கிறது. அந்த முதல் முயற்சியைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

யுங் விங் என்பவர் 1828இல் மக்காவ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்தார். 1847இல் அவருடைய ஆசிரியர் ஊர் திரும்பியபோது அவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். 1854இல் யேல் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தான். அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்திருந்தது, அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் தனக்குக் கிடைத்த படிப்பு தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு சீனா திரும்பினார். அந்த எண்ணம் அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசின் காதில் ஏறப் பதினாறு பதினேழு வருடம் ஆனது. செங் குவோஃபான் என்ற பெரிய அதிகாரிக்காக அமெரிக்கா போய் ஆயுதத் தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் வாங்கி வந்து, அவருடைய நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகுதான் வழி திறந்தது. இன்னொரு பெரிய அதிகாரியான லி ஹோங்ஜாங்கும் ஆதரித்தார். 1872 முதல் 1875 வரை வருடத்துக்கு 30 பேர், மொத்தம் 120 சிறுவர்கள். அங்கே 15 வருடம் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது திட்டம்.

யார் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய அதிகாரிகளின் வீட்டிலிருந்து வரவில்லை. அவர்களுக்கு அரசுத் தேர்வு எழுதிப் பதவிக்குப் போகும் பாதை இருந்தது, பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பத் தேவையே இல்லை. போனவர்களில் பெரும்பாலோர் தெற்கே குவாங்டாங் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த சாதாரணக் குடும்பத்துப் பையன்கள். பெற்றோர் ஒரு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. போன இடத்தில் நோய் வந்தாலும் உயிரே போனாலும் அது விதி என்று ஏற்றுக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். பதினோரு வயது ஜான் தியன்யூவுக்காக அவன் அப்பா எழுதிக் கொடுத்த பத்திரம் இன்றும் பேசப்படுகிறது. அந்தக் கையெழுத்தைப் போட அவருக்கு எப்படி மனசு வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அரசு செலவில் படிப்பு, திரும்பி வந்தால் உத்தியோகம். அந்த வாக்கை நம்பித்தான் போட்டிருப்பார்.

பையன்கள் கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் அமெரிக்கக் குடும்பங்களில் இரண்டு பேர், மூன்று பேராகத் தங்கினார்கள். வந்து இறங்கியதும் அந்த வீட்டு அம்மா தன்னைக் கட்டியணைத்து முத்தமிட்டதையும், மற்ற பையன்கள் பார்த்துச் சிரித்ததையும் அவர்களில் ஒருவரான லீ யான் ஃபூ பின்னாளில் எழுதியிருக்கிறார். கொஞ்ச காலத்திலேயே நீள அங்கி போய்க் கோட்டு வந்தது. சிங் ஆட்சியில் ஆண்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய தலைப்பின்னலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பேஸ்பால் ஆடினார்கள். சோங் மன்யூ என்ற மாணவர் யேல் படகோட்டும் அணிக்குச் சுக்கான் பிடித்தார், அந்த அணி ஹார்வர்டைத் தோற்கடித்தது. இதெல்லாம் அவர்கள் படிப்பைக் கெடுக்கவில்லை. 1881க்குள் பலர் கல்லூரிக்குள் நுழைந்திருந்தார்கள்.

மேற்பார்வைக்கு வந்த சீன அதிகாரிகளின் கண்ணில் இந்தப் படிப்பு படவில்லை. பின்னலை வெட்டுகிறான், தேவாலயத்துக்குப் போகிறான், எங்களைப் பார்த்தால் முறைப்படி வணங்குவதில்லை என்று தலைநகர் பீக்கிங்குக்கு அறிக்கை மேல் அறிக்கை போனது. பத்து வயதுப் பிள்ளையை இன்னொரு தேசத்துக் குடும்பத்தில் வளர விட்டுவிட்டு, அவன் கொஞ்சமும் மாறக் கூடாது என்று எந்த நியாயத்தில் எதிர்பார்த்தார்கள்?

கடைசியில் 1881இல், படிப்பு முடியும் முன்பே எல்லாரையும் திருப்பி அழைத்துவிட்டார்கள். ஆனால் பழியை முழுக்கச் சிங் அரசின் பழமைவாதிகள் மேல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். 1868இல் இரண்டு நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசின் கல்வி நிலையங்களில் சீனர்கள் படிக்கலாம் என்று எழுதியிருந்தது. லி ஹோங்ஜாங் எதிர்பார்த்த முக்கியமான பயனே ராணுவ, கடற்படைக் கல்லூரிகள்தான். கேட்டபோது சீனர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அதே கடற்படைக் கல்லூரியில் ஜப்பானியர்களைச் சேர்த்திருந்தார்கள். கலிஃபோர்னியாவில் சீனர்களை விரட்டும் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1882இல் சீனர் விலக்குச் சட்டமே வந்துவிட்டது. அங்கே கதவைச் சாத்தியவர்கள்தான் இங்கே திருப்பி அழைக்கத் துடித்தவர்களின் கையில் காரணத்தைக் கொடுத்தார்கள். யேல் தலைவர் நோவா போர்ட்டர் கடிதம் எழுதினார், எழுத்தாளர் மார்க் ட்வைன் தரப்பு கேட்டுக்கொண்டதால் முன்னாள் அதிபர் கிராண்டும் லி ஹோங்ஜாங்குக்கு எழுதினார். திருப்பி அழைக்கும் உத்தரவு சில மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

திரும்பும்போது பட்டம் முடித்திருந்தவர்கள் இரண்டே பேர். ஷாங்காயில் இறங்கியவர்களைக் காவலோடு கூட்டிப்போய், பாழடைந்த கட்டடம் ஒன்றில் குற்றவாளிகளைப் போல அடைத்து வைத்தார்கள். அப்புறம் யார் என்ன படித்தார் என்று பார்க்காமலேயே தந்தி, கடற்படை என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஜான் தியன்யூ யேலில் சிவில் இன்ஜினியரிங் முடித்தவர். அவரை ஃபூஜோ கடற்படைப் பள்ளிக்கு அனுப்பிக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ரயில்வே வேலை கிடைக்க 1888 வரை ஆனது. ஏழு வருடம்! 1884இல் பிரெஞ்சுக் கடற்படை ஃபூஜோவில் சீனக் கப்பல்களைத் தகர்த்தபோது செத்தவர்களில் இந்தப் பையன்கள் சிலரும் உண்டு. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்து மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது.

இதே ஜான் தியன்யூதான் 1905க்கும் 1909க்கும் இடையில் பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டார், வெளிநாட்டுத் தலைமை இன்ஜினியர் யாரும் இல்லாமல். பாடப்புத்தகங்கள் அவரோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது லியாங் செங் செய்த காரியம். திருப்பி அழைக்கப்பட்ட பையன்களில் ஒருவரான அவர் வாஷிங்டனில் சீனத் தூதரானார். 1900இல் சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக வெடித்த பாக்ஸர் கலவரத்துக்காகச் சீனாவிடம் அமெரிக்கா விதித்த தண்டத்தொகை நியாயமான அளவைவிட அதிகம் என்று விடாமல் வாதாடினார். அதிகப்படியான பணம் திரும்ப வந்தது. அந்தப் பணத்தில் 1909இல் 47 மாணவர்கள் அமெரிக்கா போனார்கள், சிங்குவா பல்கலைக்கழகம் பிறந்தது. அந்த 47 பேரையும் கூட்டிக்கொண்டு போனவர் டாங் குவோஆன். அவரும் யேலில் பாதிப் படிப்போடு திருப்பி அழைக்கப்பட்டவர். இதை அமெரிக்காவின் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். சீனாவிடம் அதிகமாக வாங்கிய சீனாவின் பணம் அது. அதைத் திரும்பக் கேட்கத் தெரிந்த ஒருவரை உருவாக்கியது யுங் விங்கின் திட்டம்.

அந்த யுங் விங்கின் குடியுரிமையை, சீனர் என்ற காரணத்துக்காக, 1898இல் அமெரிக்கா செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் சீனாவில் சீர்திருத்தக்காரர்களுக்கு ஆதரவாக இருந்ததால் தலைமறைவாக வேண்டியிருந்தது. இரண்டு நாட்டுக்கும் உழைத்தவரை இரண்டு நாடும் துரத்தின. 1912 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்ட்டில் இறந்தார். அப்போது சீனக் குடியரசின் முதல் பிரதமராக இருந்த டாங் ஷாவோயி, அவர் கூட்டிப்போன 120 பேரில் ஒருவர்.

2025 மே மாதம் சீன மாணவர்களின் விசாக்களைத் தீவிரமாக ரத்து செய்யப்போவதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அறிவித்தபோது, ஒற்றர்கள், பாதுகாப்பு என்றுதான் எல்லாரும் பேசினார்கள். உளவு நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தப்பு செய்தவனைப் பிடித்துத் தண்டிக்கட்டும். ஆனால் ஆய்வகத்தில் பாதி வேலையோடு நிற்கும் பெண்ணையும் பையனையும் மொத்தமாகச் சந்தேகிப்பது 1881இல் நடந்த அதே அநியாயம்தான். சேர்த்துக்கொண்ட பிள்ளையைப் படித்து முடிக்க விடுங்கள்.