571-க்கு ஸ்வீட், 182-க்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அக்கா வீட்டில் ஒரு கிலோ மைசூர்பாகு மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அக்கா மகள் 600-க்கு 571. எதிர்வீட்டுப் பையன் 548. "பாவம், கடைசியில சறுக்கிட்டான்" என்று தெருவே அவனுக்காக உச்சுக்கொட்டியது.

ராத்திரி சும்மா இருக்காமல் இருவருக்கும் கட்-ஆஃப் போட்டுப் பார்த்தேன். பொறியியல் கலந்தாய்வில் ரேங்க் போடுவது மொத்த மதிப்பெண்ணை வைத்து இல்லையே. கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, ஆக 200-க்கு. இவள் கணக்கில் 88, இயற்பியல் 92, வேதியியல் 96. கட்-ஆஃப் 182. அந்தப் பையன் 100, 98, 96. அவனுக்கு 197. மொத்தத்தில் 23 மார்க் பின்னால் நின்றவன் கட்-ஆஃபில் 15 மார்க் முன்னால் போய்விட்டான். மேலே போகப்போக அரை மார்க்குக்கே ரேங்க் எங்கேயோ போய்விடும். 15 என்பது வேறு ஊர், வேறு கல்லூரி.

மொத்தத்தில் அவள் எங்கே முந்தினாள் என்று பார்த்தால், தமிழ் 98, ஆங்கிலம் 97, கம்ப்யூட்டர் சயின்ஸ் 100. அந்த நூறுக்காகப் பள்ளியில் தினமும் சாயங்காலம் ஏழு மணி வரை உட்காரவைத்துத் டெஸ்ட் வைத்தார்கள். சென்டம் எண்ணிக்கை பேனரில் வர வேண்டுமே! அவள் கேட்பதும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுதான். அதற்கான கட்-ஆஃபில் அந்த நூறுக்கு இடமே இல்லை. கணக்கில் ஒரு மார்க் கூடினால் இயற்பியலில் இரண்டு மார்க் கூடியதற்குச் சமம் என்று இரண்டு வருஷத்தில் ஒரு ஆசிரியர்கூட அவளிடம் சொல்லவில்லை.

தமிழும் ஆங்கிலமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று சொல்லாமல் கொத்தாகக் கையில் கொடுத்து அனுப்புவது என்ன நியாயம்? இதே மார்க் ஷீட்டோடு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கேட்டால் தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400-க்குப் பார்ப்பார்கள். அங்கே அந்த நூறு செல்லும். மத்திய அரசின் என்.ஐ.டி. பொறியியல் கல்லூரி என்றால் ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு ரேங்க், பிளஸ் டூ மார்க் வாசலில் காட்டும் டிக்கெட் மாதிரிதான். டாக்டர் சீட்டுக்கு நீட். பிளஸ் ஒன் சேரும் ஜூன் மாதத்தில் அரை மணி நேரம் பெற்றோரை உட்காரவைத்து இதைச் சொல்ல முடியாதா?

எங்கள் காலத்தில் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கும் நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூ மார்க் 200-க்கு, நுழைவுத்தேர்வு 100-க்கு, மொத்தம் 300. 2007 சேர்க்கையிலிருந்து அது போய்விட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் எட்டாது என்பதால் எடுத்தார்கள். எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லா பாரமும் இந்த மூன்று பாடங்களின் தலையில்தான். அப்படியிருந்தும் நாம் இன்னும் "டோட்டல் எவ்வளவு?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். நானும்தான், அன்று காலையில் அக்காவுக்குப் போன் போட்டதும் முதலில் கேட்டது அதைத்தான்.

182 என்று சொன்னதும் அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து போன். பேனருக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமாம். அக்கா அனுப்பிவிட்டாள்.