முக்காலியும் ஒரு ஜெராக்ஸும்

(ஐப்பசிக் காலை, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் கரை. பூங்கோதை பறவை பார்க்க ஒரு குழுவைக் கூட்டி வந்திருக்கிறார். நடைப்பயிற்சிக்கு வந்த சபாபதி, முக்காலியைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பி வருகிறார்.)

சபாபதி: மேடம், எங்களுடையது பட்டா இடம்தான். இந்தாங்க, ஜெராக்ஸ்.

பூங்கோதை: எனக்கு எதற்கு சார்? நாங்கள் பார்க்க வந்திருக்கிறோம்.

சபாபதி: முக்காலி போட்டுப் பார்த்தால் அதற்குப் பெயர் சர்வேதானே!

பூங்கோதை: இது தொலைநோக்கி. புதிதாக வந்து இறங்கியவர்களைப் பார்க்கிறோம். சைபீரியாவிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள்.

சபாபதி: என்.ஆர்.ஐ. பார்ட்டியா? எந்த பிளாக்?

பூங்கோதை: அதோ, அந்தக் கோரைக்குப் பின்னால். பங்குனி வரை இருப்பார்கள். வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்கள்.

சபாபதி: வாடகையா, சொந்தமா?

பூங்கோதை: உங்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர்கள் சார். பட்டாதான் வாங்கி வைக்கவில்லை.

சபாபதி: அடப்பாவமே, ஆக்கிரமிப்பா! ஒரு புகார் எழுதிப் போட்டால் என்ன?

பூங்கோதை: தாராளமாகப் போடுங்கள். விசாரிக்க வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்றுதான் யோசிக்கிறேன். முதலில் இதில் கண்ணை வையுங்கள்.

சபாபதி: கோழி மாதிரி இருக்கிறது... நீலமாக... சிவப்பு மூக்கு. ஐயையோ, கோரைத் தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு கரும்பு மாதிரி கடிக்கிறதே!

பூங்கோதை: நீலத்தாழைக்கோழி. அவர் உள்ளூர்க்காரர். பின்னால் வாலைக் கூராக நீட்டிக்கொண்டு மிதக்கிறாரே, ஊசிவால் வாத்து, அவர்தான் உங்கள் என்.ஆர்.ஐ.

சபாபதி: பறவையா! அப்போ அளக்கவில்லை?

பூங்கோதை: இல்லை.

சபாபதி: சத்தியமாக?

பூங்கோதை: அதெல்லாம் முன்பே அளந்தாகிவிட்டது சார். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது 1,247 ஹெக்டேர்.

சபாபதி: அதில் எங்கள் கார் பார்க்கிங்...

பூங்கோதை: அடைமழை வரட்டும், தண்ணீரே கோடு போட்டுக் காட்டும்.

(குழுவில் ஒருவர் கைப்பேசியில் பறவைக் குரலைச் சத்தமாக ஒலிக்க விடுகிறார். பூங்கோதை முறைத்த முறைப்பில் கைப்பேசி பைக்குள் போகிறது. இப்படி ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு.)

சபாபதி: தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது மேடம். மழை வந்தால் பார்க்கிங்கில் முழங்கால் அளவு நிற்கிறது. கேட்க நாதியில்லை!

பூங்கோதை: தென்சென்னையில் இத்தனை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு என்கிற வடிகால் வழியாகத்தானே கடலுக்குப் போகவேண்டும்? வழியில் உங்கள் பார்க்கிங் இருந்தால் அங்கேயும் தலைகாட்டிவிட்டுத்தான் போகும்.

சபாபதி: விற்கும்போது ஏரி பார்த்த வீடு என்று சதுர அடிக்குக் கூடுதலாக அல்லவா வாங்கினார்கள்!

பூங்கோதை: அப்புறம் என்ன சார், மழைக்காலத்தில் ஏரியும் வந்து வீட்டைப் பார்க்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்களா?

சபாபதி: ...சரி, அதை விடுங்கள். இந்த வாத்தெல்லாம் எங்கள் பால்கனியிலிருந்தே தெரியுமா?

பூங்கோதை: நன்றாகத் தெரியும். எதிரே அடுத்த பிளாக் எழும்பும் வரை.