வால் எவ்வளவு நீளம்?

சுப்பையா: ஆச்சி, மட்டன் சுக்கா சொல்லலாம் என்றுதான் வந்தேன், ஆனால் 2027 வரை நாய்க்கறி விற்கத் தடையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்திருப்பதால், இது ஆடுதான் என்று நீங்கள் உறுதி சொன்னால்தான் இலையில் கை வைப்பேன்.

மெஸ் ஆச்சி: அண்ணே, அது தென்கொரியாவின் சட்டம். இறைச்சிக்காக நாய் வளர்ப்பதையும் அறுப்பதையும் விற்பதையும் தடுக்கும் அந்தச் சட்டத்தை 2024 ஜனவரியில் நிறைவேற்றிவிட்டு, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ளட்டும் என்று தடையையும் தண்டனையையும் 2027க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சியோலுக்குக் கொடுத்த அவகாசம் காரைக்குடிக்கு எப்படிப் பொருந்தும்?

சுப்பையா: மிச்சச் சரக்கை இங்கே அனுப்பிவிட்டால்? எழும்பூர் ரயில் நிலையத்தில் நாய்க்கறி என்று பிடித்தார்களே, அதற்கு வால் எவ்வளவு நீளம்!

ஆச்சி: 2018 நவம்பரில் பிடித்த அந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கறியைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து, ஆட்டிறைச்சி என்று சொல்லிவிட்டார்கள். நாய் என்ற வதந்தி ஊர் ஊராகப் போயிற்று. ஆடு என்ற முடிவு எழும்பூரைத் தாண்டவில்லை. பிரியாணிக் கடைக்காரர்கள்தான் ஈ ஓட்டினார்கள்.

சுப்பையா: இருந்தாலும் அந்த வால்...

ஆச்சி: ராஜஸ்தானிலிருந்து வந்த ஆட்டின் வாலுக்கு நான் ஜாமீன் கொடுக்க முடியாது.

சுப்பையா: நாகாலாந்தில் நாய்க்கறி உண்கிறார்களாமே, நாகரிகமா அது? அரசே தடை செய்ததே!

ஆச்சி: 2020இல் தடை செய்தது. கோஹிமாவின் நாய்க்கறி வியாபாரி போட்ட வழக்கில், அந்த உத்தரவுக்குச் சட்டத்தின் ஆதாரம் இல்லை என்று குவாஹாத்தி உயர் நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு 2023இல் அதை ரத்து செய்தது. நாகர்களிடையே அது வழக்கத்தில் உள்ள உணவு என்பதையும் சொல்லிற்று.

சுப்பையா: வழக்கம் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்கு இந்த ஆடே வேண்டாம். உள்ளே கவுதாரி இருந்தால் யாருக்கும் தெரியாமல் வறுத்துக் கொடுங்கள். காட்டு முயல் என்றாலும் சரி. எங்கள் ஐயா காலத்திலிருந்து உண்கிறோம்.

ஆச்சி: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை இரண்டையும் வேட்டையாடுவது சிறைக்கு அனுப்பும் குற்றம். கோஹிமா வியாபாரி நீதிமன்றத்துக்குப் போய் வெளிச்சத்தில் நின்று உரிமை கேட்டார். நீங்கள் என் அடுப்பங்கரையில் நின்று கிசுகிசுக்கிறீர்கள்.

சுப்பையா: கவுதாரியில் ஒரு வசதி, ஆச்சி. வால் சின்னது, சந்தேகமே வராது.

ஆச்சி: பருப்பும் நெய்யும் போடச் சொல்கிறேன். பருப்பைப் பற்றி உங்கள் கைப்பேசிக்கு இன்னும் ஒன்றும் வரவில்லையே?