ஃபிட்ஸ் கோப்பு கெட்டுப்போகவில்லை
வானியல் தரவைச் சேமிக்கும் கோப்பு வடிவமான ஃபிட்ஸ் பற்றி ஒருவர், "நிறமாலைக் கோப்பைத் திறந்தால் ஒற்றைக் கோடு, இல்லாவிட்டால் வெறும் கறுப்பு, கோப்பு பழுது" என்று சொல்லியிருப்பது தவறு. தயவுசெய்து யாரும் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒரு பரிமாண நிறமாலையை (அலைநீளவாரியான ஒளி அளவுகளின் வரிசை) படமாகத் திறந்தால் ஒரு பிக்சல் உயரக் கோடுதான் வரும். அதை வரைபடமாக வரைய வேண்டும். எஸ்டிஎஸ்எஸ் (ஸ்லோன் வான ஆய்வு) வெளியிடும் இப்போதைய நிறமாலைக் கோப்புகளில் முதற்பகுதியில் தரவு இருக்காது; தரவு அடுத்த பகுதியில் அட்டவணையாக இருக்கிறது. அங்கே 'லாக்லாம்' பத்தியில் உள்ளது அலைநீளத்தின் மடக்கை, 10இன் அடுக்காக்கினால்தான் அலைநீளம் ஆங்ஸ்ட்ராம் அலகில் கிடைக்கும்.

அலைநீளம் பிக்சலுக்குப் பிக்சல் சம அளவில் ஏறும் நேரியல் அளவு என்றால்: அலைநீளம் = சிஆர்வால்1 + (பிக்சல் − சிஆர்பிக்ஸ்1) × சிடெல்ட்1. இவை கோப்பின் தலைப்பில் இருக்கும்: சிஆர்பிக்ஸ்1 குறிப்புப் பிக்சல், சிஆர்வால்1 அங்குள்ள அலைநீளம், சிடெல்ட்1 ஒரு பிக்சலுக்கான அலைநீள ஏற்றம். ஃபிட்ஸில் பிக்சல் எண்ணிக்கை 1இல் தொடங்கும், பைத்தானில் 0இல். அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் நிறமாலை முழுக்க ஒரு பிக்சல் நகர்ந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது இதில்தான்: அலைநீளம் காற்றுக்கா, வெற்றிடத்துக்கா? ஹைட்ரஜன் ஆல்ஃபா நிறமாலைக் கோடு காற்றில் 6562.8, வெற்றிடத்தில் 6564.6 ஆங்ஸ்ட்ராம். இரண்டையும் குழப்பினால், கோட்டின் நகர்விலிருந்து வேகத்தைக் கணக்கிடும்போது நொடிக்குச் சுமார் 82 கி.மீ. பொய் வேகம் வரும். நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் கண்டுபிடித்த வாயு ஓட்டமே நொடிக்கு ஓரிரு கி.மீ. அளவுதான்.